பாட்டுக்கும் இரண்டு வரி

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, உட்கார இடமும் கிடைத்து, மடிக்கணினியைத் திறக்கும் நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'ஸ்டெல்லாக்கா' என்ற பெயர். முந்தைய நாள் ஒளிபரப்பான தொடரில் நான் செய்த ஏதோ ஒரு தப்பைப் பிடித்துவிட்டார், காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துச் சாவகாசமாகத் திறந்தேன். "அங்கிள், நான் கிரேஸ். அம்மா விடியக்காலைல தூக்கத்துலேயே போய்ட்டாங்க. அப்பா உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொன்னாரு" என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள். ஷா ஆலம் நிலையம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "அங்கிள், ஓக்கேவா?" என்று கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

செந்தூல் மெதடிஸ்ட் தேவாலயத்து நண்பர்களுக்கும் எங்கள் அலுவலகத்துப் பழைய ஆட்களுக்கும் ஸ்டெல்லாக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர் ஓடும்போது திரையின் அடியில் மலாயில் வரிகள் வந்து போகுமே, அவற்றைப் பல வருடம் உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவர் அவர். இன்னொருவன் நான். எங்கள் பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை. வந்திருந்தால் மாமியார் கொடுமை தாங்காத ரசிகர்கள் எங்களைத் தேடி வந்திருப்பார்கள், வராததே நல்லது என்பார் அவர்.

இதில் நான் சொல்லப்போகும் ஒரு விஷயம் பல வருடம் எங்கள் இருவருக்குள் இருந்த ரகசியம். அதை எழுதலாமா என்று அவருடைய கணவர் சாமுவேல் அண்ணனிடம் கேட்டேன். "எழுதுங்க குணா. அவளுக்கு அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. வேல போயிருமோன்னு பயம், அவ்ளோதான்" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பிழை திருத்திக்கொண்டிருந்த நாளிதழ் மூடப்பட்டதால் நாற்பது வயதில் வேறு வேலை தேட வேண்டி வந்தது. ரயில்வே குடும்பத்தில் பிறந்த அவர், அதுவரை ஒரு துறைமுக ஏஜெண்டு அலுவலகத்தில் மலாய்க் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி திரு. லிம்முக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒரு தடவைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்து, அதற்கு மேல் போகக் கூடாது என்பது மட்டும்தான் அவர் சட்டம். தமிழ் வசனப் பிரதி எதுவும் கையில் தரமாட்டார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

முதல் நாளே நான் புலம்பினேன். மனிதனின் துக்கத்தை முப்பத்தைந்து எழுத்தில் எப்படி அடக்குவது, இது மொழிபெயர்ப்பா, கசாப்பா என்று இலக்கியவாதிக்கே உரிய கோபத்தில் கேட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஹெட்போனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "மனுசன் வீட்டுல அவ்ளோதான் பேசுறான் குணா. 'சாப்டியா', 'எங்க போற', 'எனக்கு ஒண்ணும் இல்ல'. எண்ணிப் பாரு, முப்பத்தஞ்சுகூட வராது" என்றார். கடைசி வரைக்கும் எந்த வாதத்திலும் நான் அவரிடம் ஜெயித்ததே கிடையாது.

யாரும் எழுதி வைக்காத சில விதிகள் அவரிடம் இருந்தன. "அழுறப்போ எழுத்துப் போடாத. சனங்க மூஞ்சிய பாக்கணும், படிக்கக் கூடாது" என்பது ஒன்று. சண்டைக் காட்சியில் எல்லா வசையையும் எழுத வேண்டாம், முதல் வசையும் கடைசி வசையும் போதும், நடுவில் உள்ளதைப் பார்ப்பவர்கள் தங்கள் வீட்டு அனுபவத்தில் நிரப்பிக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. பாட்டு வந்தால் ஒரு இசைக்குறி மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பதும் அவர் லிம்மிடம் சொல்லி வாங்கிய விதிதான். "பாட்டு காதுக்கு. அங்க நமக்கு என்னா வேல?" என்றார். பாட்டு ஓடும் நான்கு நிமிடமும் வேலை இல்லை என்பதால் நானும் அதை மனமார ஆதரித்தேன்.

புத்தக விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. நான் ரயிலில் தடித்த நாவல்களாகப் படிப்பவன். தொடர் பார்ப்பவர்கள்மேல் எனக்கு ஓர் இளப்பம் உண்டு, அதை மறைக்கவும் தெரியாது. ஒருநாள் அவரை உயர்த்திவிடும் நோக்கத்தில், நான் உயிராக வைத்திருந்த எண்ணூறு பக்க நாவல் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் திறந்து பார்த்தால், ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பென்சிலால் இரண்டே வரி. கதாநாயகன் கடற்கரையில் உட்கார்ந்து முப்பது பக்கம் தன் தனிமையை ஆராயும் அத்தியாயத்துக்குக் கீழே, "இவனுக்குப் பசி. கேட்கத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், "இதை அவளிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம்." ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் நாவலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவன் பசியோடுதான் இருந்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடத்திலோ நான்காவது வருடத்திலோ, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கர்நாடக இசைக் கச்சேரிக்கு அவரை அழைத்துப் போனேன். பாடியவர் ஓர் இளம்பெண், அருமையான சாரீரம். இரண்டரை மணி நேரமும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாக்காவோ, தேவாலயப் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்து பாடியவர், அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஒரு கடையில் தே தாரேக் டீ குடித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "அந்த மிருதங்கக்காரரு என்னமா வாசிச்சாரு லா! அந்தப் பொண்ணு சுமார்தான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். ஸ்வரம், கமகம் என்று அந்த மேசையிலேயே அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்து நடந்ததுதான் அந்த விஷயம். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா ஒருவர் உண்டு, நாங்கள் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று கூப்பிடுவோம். எங்கள் எழுத்தை நம்பித் தமிழ்த் தொடர் பார்க்கும் பெரும் கூட்டத்தின் பிரதிநிதி அவர். ஒரு காலை பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே என்னிடம் மலாயில் சீறினார். அந்த மருமகள் இவ்வளவு திமிர் பிடித்தவளாக இருப்பாள் என்று நினைக்கவே இல்லையாம். மாமியார் பாவம், மனம் மாறி, 'உன்னிடம் கடுமையாக நடந்துகொண்டேன், வா, சாப்பிடு' என்று கூப்பிட்ட பிறகும் மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாளே, இது என்ன பிள்ளை வளர்ப்பு என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாவும் ஆமாம் ஆமாம் என்றார். அந்த மாமியார் இருநூறு பாகங்களாகப் பேயாட்டம் ஆடியவள். அவள் எப்போது மன்னிப்புக் கேட்டாள்?

மேலே போய் அந்தப் பாகத்தை ஓட்டினேன். மாமியார் சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மெல்லிய குரலில் பேசுகிறாள். மருமகள் பின்னால் நின்று அழுகிறாள். மாமியார் பேசியது, 'விடிவதற்குள் நீ இந்த வீட்டில் இருக்கக் கூடாது' என்று. அடியில் ஓடிய மலாய் வரிகளோ, 'நான் உன்னிடம் கடுமையாக நடந்துகொண்டேன். வா, சாப்பிடு.' அந்தப் பாகத்தை எழுதியவர் ஸ்டெல்லாக்கா. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். ஒருவர் எழுதியதை மற்றவர் ஒரு முறை முழுதாகப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது முறை. அந்த வாரம் ஒரு நாவலின் கடைசிப் பகுதியில் மாட்டிக்கொண்டிருந்ததால், அக்கா எழுதியதில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர் வந்ததும் ஹெட்போனைக் கழற்றி, கணினியின் ஒலியை நன்றாக ஏற்றி, அந்தக் காட்சியை ஓட்டிக் காட்டினேன். பக்கத்து அறையிலிருந்த பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நீயே சொல்லு குணா. அவ என்னா சொன்னா?"

நான் சொன்னேன்.

"நான் அந்தப் பொண்ணு மூஞ்சிய வச்சுத்தான் எழுதுனேன். அப்புடி அழுறாளேன்னு. அன்பா ஏதோ சொன்னாத்தான் அப்புடி அழுக வரும்னு நெனச்சேன்."

ரெண்டு வருடமாகக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். "ஆம்பள குரல் ஓரளவு கேக்குது. பொம்பள குரல்தான் மொதல்ல போச்சு. நம்ம வேலையில பூரா பொம்பளைங்கதான் பேசுறாங்க, அதுதான் தொந்தரவு" என்று சிரிக்கப் பார்த்தார். டாக்டர் கொடுத்த கருவியை மாட்டினால் பாட்டெல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறதாம், அதனால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாராம். வாயசைவைப் பார்த்தும், கதையின் போக்கை வைத்தும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ரெண்டு வருடமும் நான்தான் சரிபார்த்தேன், ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. தேவாலயத்தில் பாடகர் குழுவோடு நின்று வாயை மட்டும் அசைக்கிறேன் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்தத் தே தாரேக் மேசை நினைவுக்கு வந்தது. நான் எடுத்த வகுப்பை நினைத்து இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சாமுவேல் அண்ணன் அப்போது லோரி விபத்தில் கால் அடிபட்டு வீட்டில் இருந்தார். கிரேஸ் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு ஸ்டெல்லாக்காவின் வேலையில்தான் நின்றது. கேட்டு எழுதும் வேலையில் காது கேட்காதவரை யார் வைத்துக்கொள்வார்கள்? "லிம்முக்குத் தெரிஞ்சா நாளைக்கே போகச் சொல்லிருவாரு. நியாயமும் அதானே" என்றார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறைத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து புகார் வந்தது. லிம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டு, கோப்புகள் மாறிவிட்டன, வேறொரு தொடரின் வரிகளை நான்தான் இதில் ஒட்டிவிட்டேன், கணினி வேறு அன்று சரியாக வேலை செய்யவில்லை, என் கண்ணிலும் பிரச்சினை என்று அளந்தேன். லிம் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வெளியே வந்ததும் ஸ்டெல்லாக்காவுக்கு நன்றி பொங்கும் என்று எதிர்பார்த்தேன். முகம் சிவந்து நின்றார். "எனக்காகப் பொய் சொல்லாத. அப்புடிச் சொல்லணும்னா பொய்யும் ரெண்டு வரிக்குள்ள இருக்கணும். உன்னுது அரப் பக்கம் போச்சு, அந்தாளு நம்பவே இல்ல" என்றார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவருடைய பாகங்களில் யாராவது முதுகைக் காட்டிப் பேசினால், அல்லது போனில் குரல் மட்டும் வந்தால், அந்த இடங்களை நான் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பேன். மலாயில் அவர் ஆக்குவார். அதற்குப் பதிலாக என்னுடைய பாகங்களில் வரும் நகைச்சுவையை அவர் எழுதித் தருவார். எனக்குச் சிரிப்பு வராது, என் மலாய் நகைச்சுவையைப் படித்தால் பார்ப்பவர்களுக்கும் வராது. 'முதுகு' என்பது எங்கள் குறிச்சொல் ஆயிற்று. காலையில் வந்ததும், "பசியாறியாச்சா? இன்னிக்கு எத்தன முதுகு?" என்றுதான் கேட்பார். அந்தக் காலத்தில் இயக்குநர்களுக்கு முதுகுமேல் என்ன அப்படி ஒரு ஆசையோ தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் என் மீசை. அடர்த்தியான மீசை, என் அப்பா வழி வந்தது, கல்யாணத்துக்கும் எடுக்காதது. ஒருநாள் நான் ஏதோ விளக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா இடைமறித்தார். "குணா, உன் பாதிப் பேச்சு மீசைக்குள்ளயே நின்னுருது. ஒண்ணு அத எடு, இல்ல பேசாத." மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் மழித்துக்கொண்டு வந்தேன். என் மனைவி கதவைத் திறந்து யார் வேண்டும் என்று கேட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஸ்டெல்லாக்கா என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல, உனக்கு வாய் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் தன் சாப்பாட்டிலிருந்து இரண்டு பெரிய இறாலை என் இலையில் வைத்தார். மீசையை நான் பிறகு வளர்க்கவே இல்லை.

ஆறு வருடம் இப்படி ஓட்டினோம். கடைசியில் ஆண் குரலும் போகத் தொடங்கியபோது அவராகவே லிம்மின் அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டார். அதற்குள் கிரேஸ் வேலைக்குப் போயிருந்தாள். வெளியே வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். அந்த எச்சரிக்கைக் கடிதம் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று தனக்கு அன்றே தெரியும் என்றும், அதற்குப் பிறகு வேலையில் ஒரு தப்பும் வராததால் பேசாமல் இருந்துவிட்டதாகவும் லிம் சொன்னாராம். தமிழ் தெரியாத மனிதர் எங்களை நன்றாகத்தான் படித்து வைத்திருந்தார்.

வேலையை விட்ட பிறகு அவர் வெறும் பார்வையாளர் ஆனார். அது என் போதாத காலம். இரண்டு வரியில் வாட்ஸ்அப் விமர்சனங்கள் வரத் தொடங்கின. "நேத்து அந்த டாக்டர் அவ்ளோ மரியாதயா பேசுற மூஞ்சியா? பாத்து எழுது." "சிரிப்புக் காட்சி நீயே எழுதுனியா? தெரியுது." இன்னொருத்தர் எழுதிய பாகத்துக்கும் திட்டு எனக்குத்தான் வரும். ஊரே கவனிக்காத ஒரு வேலையை ஒருவர் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறார் என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு குறை கண்டுபிடித்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் அவருடைய ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். டிவியில் ஒரு பழைய தமிழ்ப் படம். சாமுவேல் அண்ணன், அக்கா, நான், மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு வந்தது. திரையின் ஓரத்தில் இசைக்குறி மட்டும் தெரிந்தது. அக்கா எழுந்து, "தண்ணி கலக்குறேன்" என்று டீ போட அடுப்படிக்குப் போனார். அடுத்த பாட்டுக்குத் துணி மடிக்கப் போனார். மூன்றாவது பாட்டுக்கும் எழுந்தபோது நான் அவரைப் பார்த்தேன். என் பார்வை புரிந்தது.

"முன்னெல்லாம் பாட்டு வந்தாத்தான் நான் எந்திரிக்க மாட்டேன். வீடு பத்திக்கிட்டாலும் உக்காந்திருப்பேன்" என்றார். "இப்ப அந்த நாலு நிமிசமும் வாய அசைக்கிறத பாத்துக்கிட்டு இருக்க முடியல குணா. பாட்டுக்கு எழுத்து வேணாம்னு ரூல் போட்டதே நான்தான். யார குத்தம் சொல்ல?"

அந்த வாரமே பாட்டுகளுக்கும் வரி எழுதத் தொடங்கினேன். லிம், பாட்டுக்கு வரி வேண்டும் என்று தொலைக்காட்சி நிலையம் கேட்கவில்லை, அலுவலக நேரத்தில் செய்யக் கூடாது, பிறகு உன் இஷ்டம் என்றார். அதனால் கிள்ளானுக்கும் கேஎல் சென்ட்ரலுக்கும் நடுவே ரயிலில் செய்தேன். நாவல் படித்துக்கொண்டிருந்த நேரம் பாட்டுக்குப் போயிற்று. ஹெட்போனில் ஒரே வரியைப் பத்து தடவை ஓட்டி, இரண்டு மலாய் வரிக்குள் மடக்குவது லேசான காரியமில்லை. சொற்கள் இல்லாத இடத்தில் வாத்தியத்தைச் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்குள் இருந்த இலக்கியவாதி எழுந்து உட்கார்ந்தார். 'வாசலில் நின்று தயங்குவதுபோல் ஒரு புல்லாங்குழல்' என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "புல்லாங்குழல்னு போடு, போதும். தயங்குறத நான் பாத்துக்குறேன்."

ஒரு பாட்டுக்கு மட்டும் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அது அவர் பள்ளிக்கூட நாளில் கேட்ட பழைய பாட்டு. "படிச்சேன், காதுல வந்துருச்சு. சாமுவேலுக்குப் பாடிக் காட்டுனேன். சுருதி எங்கயோ போச்சாம், ஆனா அழுதுட்டாரு" என்று எழுதியிருந்தார். அன்று ரயிலில் நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். முப்பது வருடம் புத்தகம் படித்ததில் எனக்குக் கிடைத்த எந்த இன்பமும் இதற்கு உறைபோடக் காணாது.

போன வருடக் கடைசியில் வயிற்றில் கட்டி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள், நடுவில் ஒரு டிவி. நோயாளிகளுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று எப்போதும் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, தூரத்திலிருந்து எழுத்தும் தெரியவில்லை. ஆனால் வார்டே சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாக்கா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாமல், மலாயிலும் தமிழிலுமாக அத்தனை பேருக்கும் வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறையில் எல்லாருக்கும் காது கேட்கவில்லை, அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான். பக்கத்துக் கட்டில் சீன அம்மா ஒருவர், இவளை வீட்டுக்கு விட்டுவிடாதீர்கள் என்று தாதியிடம் கெஞ்சினாராம்.

என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? அந்த வில்லன் என்னா சொல்றான் பாரு, எனக்கு முதுகு" என்றார். எனக்கும் கேட்கத்தான் இல்லை. நான் எதையோ இட்டுக்கட்டிச் சொன்னேன். கண்ணைச் சுருக்கி என் வாயைப் பார்த்தவர், "நீளமா இருக்கு, நம்ப மாட்டேன்" என்றார். அதுதான் நான் அவரை நேரில் பார்த்த கடைசி நாள். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் வர வேண்டாம், கொஞ்சம் தேறட்டும் என்றார் சாமுவேல் அண்ணன். தேறிவிடுவார் என்றுதான் நானும் நம்பினேன்.

அடக்க ஆராதனையில் பாடகர் குழு பாடியது. நான் கடைசி வரிசையில் நின்றேன். லிம்மும் வந்திருந்தார். வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, இனிமேல் நீ ரயிலில் நிம்மதியாகப் புத்தகம் படிக்கலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குப் புரிந்தது.

அவர் போவதற்கு மூன்று நாள் முன்னால் எனக்கு எழுதிய கடைசிச் செய்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கிய ஒரு தொடரின் முகப்புப் பாட்டுக்கு எட்டு வரி எழுதியிருந்தேன். அவர் காது முழுவதும் போன பிறகு வந்த பாட்டு அது. படுக்கையில் இருந்துகொண்டு கிரேஸின் கைபேசியில் பார்த்திருக்கிறார். "குணா, இந்தப் பாட்டு நான் கேக்காதது. மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். நல்லா இருக்கு. ஒண்ணுதான் நீ போடல. பாடுறது ஆம்பளயா, பொம்பளயா? சொன்னா நானே ஒரு குரல் வச்சுக்குவேன்."

பதினெட்டு வருடத்தில் என் எழுத்தை அவர் 'நல்லா இருக்கு' என்றது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு ஈடாக ஒரு நல்ல பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நட்பைப் பற்றி, இசையைப் பற்றி, அவர் எனக்கு யார் என்பதைப் பற்றி நாலு பத்தி மனதுக்குள் ஓட்டினேன். எதுவும் சரியாக அமையவில்லை. சாயந்திரம் உட்கார்ந்து எழுதலாம் என்று விட்டேன். மூன்று சாயந்திரங்கள் போயின. அவர் கேட்டதற்கு ஒரு சொல் போதும். இரண்டு வரிகூட வேண்டாம். ஒரு நிமிடத்தில் அதை அனுப்பியிருந்தால், அந்த மூன்று நாளும் அவர் விரும்பிய குரலில் அந்தப் பாட்டு அவருக்குள் ஓடியிருக்கும். இது என்னை உறுத்துகிறது, சாகும்வரை உறுத்தும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். அடக்கம் முடிந்த மறுநாள் கிள்ளானில் ரயில் ஏறினேன். நாவலை எடுக்கவில்லை. பாட்டுகளை விடப் போவதில்லை என்று லிம்மிடம் சொல்லிவிட்டேன். இனி எந்தப் பாட்டு தொடங்கினாலும், முதல் சொல் வருவதற்கு முன்பே யார் குரல் என்று போடுவேன். செந்தூலிலோ ஜெஞ்சாரோமிலோ எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் பாட்டு வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அது வேண்டியிருக்கும். முதலில் அந்தத் தொடரின் கோப்பைத் திறந்து முகப்புப் பாட்டைத் திருத்தினேன். பிறகு கைபேசியை எடுத்தேன். கிரேஸ்தான் பார்ப்பாள் என்று தெரியும். இருந்தாலும் அக்காவின் எண்ணுக்கே பதில் அனுப்பினேன்.

"பெண் குரல், அக்கா."